மெஷின் நிற்கும் நேரம்

பக்கத்து அச்சகத்தின் மெஷின் ஓடினால் சாபிருக்கு எரிச்சல் வரும். நின்றால் சந்தேகம் வரும். எரிச்சல் பழைய நோய். சந்தேகம் இந்தக் காலண்டர் சீசனில் வந்து ஒட்டிக்கொண்டது.

சிவகாசியில் அச்சகத்தை ஒட்டி ஒரு வீடு இருப்பது அதிசயமில்லை. அச்சகச் சத்தம் கேட்காத வீட்டைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். சாபிர் வாரத்தில் ஆறு நாள் பஸ் ஏறி விருதுநகருக்குப் போய் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், சாயங்கால அசர் தொழுகை முடிந்து வந்ததும், வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து இன்டர்நெட்டில் ‘சாயங்காலப் பாட்டு’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்துவான். பொழுது அடைந்ததும் சொல்கிற மஃரிப் பாங்குக்கு முன்னால் முடித்துவிடுவான்.

நிகழ்ச்சி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பழைய செல்போன், யாரோ வேண்டாமென்று கொடுத்த மைக், மனைவி நாதியா தையல் மெஷினுக்கு வைத்திருந்த மேசை. எதிரொலி வராமல் இருக்க, மண்டியிலிருந்து கொண்டுவந்த காலிச் சாக்குகளைச் சுவரெல்லாம் தொங்கவிட்டிருந்தான். அவற்றிலிருந்த துவரம்பருப்புத் தூசியால் பாட வந்தவர்கள் முதலில் தும்முவார்கள், அப்புறம்தான் பாடுவார்கள்.

ஆரம்பத்தில் சினிமாப் பாட்டுகளைப் போட்டான். அடுத்தவர் உரிமையுள்ள பாட்டு என்று இரண்டு தடவை எச்சரிக்கை வந்தது. மூன்றாவது வந்தால் சேனலையே அழித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு சினிமாவை விட்டான். இருக்கன்குடிக்கு நடந்து போகிறவர்களின் மாரியம்மன் பாட்டு, தெருவில் தப்ஸ் தட்டிக்கொண்டு வரும் பக்கிரின் பாட்டு, தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள் கை ஓயாமல் பாடுகிற பாட்டு என்று ஊரிலுள்ள குரல்களைத் தேடிப் போனான். பதிவானதைத் தனியே சேமித்து வைக்க அவனுக்கு வசதியில்லை. செல்போன் நிறைந்துவிடும். சேனலில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவான். அந்தப் பக்கிர் போன நோன்புக்கு முன்னால் மவுத்தாகிவிட்டார். அவர் குரல் இந்தப் பூமியில் அந்த ஓர் இடத்தில்தான் மிச்சமிருக்கிறது. சேனல் போனால் அதுவும் போய்விடும். சாபிரின் பயமெல்லாம் அதுதான்.

காலண்டர் சீசன் தொடங்கியபோது நிகழ்ச்சியை நிறுத்த வேண்டியதுதான் என்று நினைத்தான். சீசனில் அச்சகத்துக்கு ஞாயிறு கிடையாது, மழை கிடையாது. ஆனால் அவன் மைக்கைத் திறந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றது. அவன் முடித்துக்கொண்டு எழுந்ததும் ஓட ஆரம்பித்தது. அடுத்த வாரமும் அப்படியே. படைத்தவனின் கிருபை என்று கை ஏந்தினான்.

கிருபையைக் கிருபையாகவே வைத்துக்கொள்ள மனுசனுக்குத் தெரிவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், சாபிர் வழக்கத்தைவிட முன்கூட்டியே உட்கார்ந்தான். “அஸ்ஸலாமு அலைக்கும், சத்தம் கேக்குதா” என்று அவன் மைக்கைச் சோதித்த மறு நிமிடம் மெஷின் நின்றது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் பேசுவதை அங்கே யாரோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் அதற்கொரு காரணம் கிடைத்தது. அச்சகத்துச் சுவரில் உயரமாக ஒரு கம்பி ஜன்னல் உண்டு. நிகழ்ச்சி நடக்கும்போது அங்கே மை படிந்த ஒரு கை செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பின்கட்டிலிருந்து பார்த்தான். நிகழ்ச்சி கேட்கிறவர்களின் பெயர்கள் திரையில் வரும். அதில் பெயரோ படமோ இல்லாத ஒருத்தர் எல்லாருக்கும் முன்னால் வருவார், எல்லாரும் போன பிறகு போவார். ‘அருமை’ என்றோ ‘சத்தம் கம்மி’ என்றோ ஒரு வார்த்தை எழுதியதில்லை. போதாததற்கு அச்சகத்து முதலாளி காளிராஜ், வைகாசி வாக்கில் ஒரு நாள், வீட்டைக் கொடுக்கிற எண்ணம் எப்போதாவது வந்தால் தன்னிடம் முதலில் சொல்லும்படி கேட்டிருந்தார். இத்தனை புள்ளிகளை வைத்தால் கோலம் தானாக வந்துவிடாதா? பதிவு செய்கிறார்கள், புகார் அனுப்பப் போகிறார்கள், நிகழ்ச்சி ஒழிந்தால் மனம் வெறுத்து வீட்டையும் விற்றுவிடுவான் என்று பார்க்கிறார்கள். அந்த முதல் இரண்டு எச்சரிக்கைகளும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று முடிவுகட்டினான்.

நாதியா சிரித்தாள்.

“அது மனுசன் அனுப்புறது இல்ல மச்சான். சினிமாப் பாட்டப் போட்டா கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சு அனுப்பிரும். ஒங்க தம்பி அன்வர் படிச்சுப் படிச்சுச் சொல்லலையா?”

“அவன் சின்னப் பய. அவனுக்கு ஒலகம் தெரியாது.”

“அப்ப ஒலகம் தெரிஞ்ச நீங்க போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. நாலு எட்டுல அவுக வாசல் இருக்கு.”

“கேட்டா ஒத்துக்கிடுவாகளா?”

“ஒத்துக்கிடணும்னா மொதல்ல தப்பு நடந்திருக்கணும்ல.”

சாபிர் கேட்கப் போகவில்லை. சந்தேகப்படுகிறவனுக்குப் பதில் கிடைத்துவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. தெருவில் காளிராஜ் எதிரே வந்தால் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒதுங்கினான். புது வருசத்துக் காலண்டரில் மசூதிப் படம் போட்டதாகப் பார்த்து ஒன்றை, வருசா வருசம் போல, ஃபோர்மேன் முனியராஜ் கையில் காளிராஜ் கொடுத்தனுப்பினார். வாயை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று அதைப் பிரிக்காமல் பரணில் போட்டான். முனியராஜ் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று, இந்த வாரம் யார் பாடுகிறார்கள் என்று விசாரித்தான். எதற்குக் கேட்கிறான் என்று சாபிருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஷின் வழக்கம்போல நின்றது. பெயரில்லாதவர் வழக்கம்போல முதலில் வந்தார். சாபிர் மைக்கை அருகே இழுத்தான்.

“சுவருக்கும் காது உண்டும்பாங்க. எங்க வீட்டுச் சுவருக்குக் காதோட செல்போனும் இருக்கு. திருட்டுத்தனமாக் கேட்டுப் பதிவு பண்றவங்க நல்லாப் பண்ணிக்கிடட்டும். அல்லா பாத்துக்கிடுவான்.”

சொல்லி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. பெயரில்லாதவர் அன்று பாதியிலேயே போய்விட்டார். குட்டு உடைந்துவிட்டது என்று சாபிர் நாதியாவிடம் பெருமையாகச் சொன்னான். அவள் உள்ளே போய்விட்டாள்.

மறு வாரம் பொன்னுத்தங்கம் என்ற அம்மா வந்தார். பட்டாசுக் கம்பெனியில் திரி கிள்ளுகிறவர். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். இருக்கன்குடி ஆற்றில் அவர் மாரியம்மன் மேல் பாடினால் அக்கரையில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள் என்று பேர். பல மாதமாகக் கெஞ்சி, இன்றுதான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும்.

சாபிர் மைக்கைத் திறந்து சலாம் சொன்னான். மெஷின் நிற்கவில்லை.

கொஞ்சம் பொறுத்தான். மறுபடி சொன்னான். தடக் தடக்கென்று அது பாட்டுக்கு ஓடியது. தரை அதிர்ந்து தட்டிலிருந்த டீ டம்ளர் நகர்ந்தது. திரையில் ஒருத்தர், என்ன லாரிக்குள்ளிருந்து பேசுகிறீர்களா என்று எழுதினார். பொன்னுத்தங்கம் ஒரு முறை தும்மிவிட்டு, இது எப்போது நிற்கும் என்று கேட்டார். போன வாரம் வரைக்கும் நின்றது என்றாள் நாதியா, கணவனைப் பார்த்துக்கொண்டே.

இப்போது நேரடியாகவே வம்புக்கு வந்துவிட்டார்கள் என்று சாபிர் எழுந்தான். அந்த நாலு எட்டை அன்றுதான் நடந்தான்.

உள்ளே தகரக் கூரையின் கீழே நாலைந்து பேர் வேலையாக இருந்தார்கள். அவனைப் பார்த்ததும் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். காளிராஜ் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க பாய். உக்காருங்க” என்றார்.

சாபிர் உட்காரவில்லை. வாரா வாரம் நின்ற மெஷின் இன்றைக்கு மட்டும் எதற்கு ஓடுகிறது, எனக்கு ஆள் வந்திருப்பது தெரிந்துதானே என்று கேட்டான். காளிராஜ் முனியராஜைப் பார்த்தார். முனியராஜ் கந்தல் துணியில் கையைத் துடைத்துத் துடைத்து, அழுக்குப் போகாத கையோடு வந்து நின்றான்.

அவன் சொன்னது இவ்வளவுதான். சாபிர் நிகழ்ச்சி தொடங்கிய புதிதில், அவசர வேலைக்காக ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடியபோதெல்லாம் கேட்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பாடுகிறவரை மறுபடி முதலிலிருந்து பாடச் சொல்வது இங்கே ஜன்னல் வழியாகக் கேட்கும். இது ஒரே மையில் ஓடுகிற பழைய மெஷின். ஒரு கலர் முடிந்தால் ரோலரைக் கழுவி, பிளேட்டை மாற்றி, அடுத்த கலர் ஏற்ற வேண்டும். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். எப்படியும் நிறுத்தத்தானே போகிறோம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைப் பாய் சலாம் சொல்கிற நேரத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்வோம் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காளிராஜும் சரி என்றார். தகரக் கூரைக்குள் சிக்னல் கிடைக்காது. ஜன்னலில் ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்தால் பாட்டு கேட்கும். ரோலர் கழுவிக்கொண்டே கேட்பார்கள். கை மாற்றிக் கை மாற்றிப் பிடிப்பார்கள்.

“பேரு இல்லாம வர்றது என் போனுதான் பாய். பேரு எப்படிப் போடணும்னு தெரியல” என்றான் முனியராஜ்.

சாபிர் கடைசியாக ஒரு பிடி தேடினான்.

“அப்ப இன்னிக்கு ஏன் ஓட்டுனீக? போன வாரம் நான் பேசுனதுக்கா?”

“ஆமா. ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. நாங்க நின்னு கேக்குறது ஒங்களுக்கு இடைஞ்சலா இருக்குன்னு போன வாரந்தான் தெரிஞ்சுது. மெஷினு ஓடுனா, இவனுக இன்னிக்கு ஒட்டுக் கேக்கலன்னு நீங்க நிம்மதியா இருப்பீகன்னு நெனச்சோம். அதான் மத்தியானமே கழுவிட்டோம்.”

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. சாபிர் காளிராஜின் பக்கம் திரும்பினான். வீட்டு விசயத்தைக் கேட்பதற்கு அவனுக்கு இனி வாய் இல்லை.

“ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி.”

“சொல்லியிருந்தா, எங்களப் பாக்குறப்பல்லாம் நீங்க நன்றி சொல்லணும். அந்தப் பாரம் ஒங்களுக்கு எதுக்கு? ரோலரு எங்க ரோலரு. கழுவுறது எங்க வேல.” காளிராஜ் தாளைக் கீழே வைத்தார். “ஆனா பாய், திருட்டுத்தனம்னு ஒரு வார்த்த சொன்னீகள்ல. பயலுக அன்னிக்கு டீ குடிக்கல. அத மட்டும் சொல்லிக்கிடுறேன்.”

பின்பு அவரே, இன்று இருட்டுவதற்குள் லோடு ஏற்ற வேண்டும், இப்போது மெஷினை நிறுத்த வழியில்லை என்று வருத்தப்பட்டார். நிறுத்த வேண்டாம் என்றான் சாபிர். அங்கேயே எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தான். ஆனால் பழியை ஊரெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டு, மன்னிப்பை மட்டும் தகரக் கூரைக்குள் ரகசியமாகக் கேட்பது என்ன நியாயம் என்று தோன்றியது. முனியராஜிடம், போனை இன்றைக்கும் ஜன்னலில் பிடிக்கச் சொல்லிவிட்டு நடந்தான்.

பின்னறையில் உட்கார்ந்து மைக்கைத் திறந்தான். பின்னால் கேட்பது பக்கத்து அச்சகத்தின் மெஷின் என்றான். இத்தனை வாரமும் எனக்காக அதை நிறுத்தி வைத்தவர்களைத்தான் போன வாரம் திருடர்கள் என்று சொன்னேன் என்றான். அவர்கள் ஒவ்வொருவர் பேரையும் கேட்டு வராமல் போனது தன் இரண்டாவது தப்பு, ஒருவர் பேர் முனியராஜ் என்று தெரியும் என்றான். அல்லா பார்த்துக்கொள்வான் என்று சொன்னேன், அவன் பார்த்துவிட்டான் என்றான்.

மைக்கைப் பொன்னுத்தங்கம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கொட்டுக்கும் வேட்டுக்கும் நடுவுல பாடுனவ தம்பி நான். இது என்ன பெரிய சத்தம்.”

அவர் பாடினார். மெஷினும் பாட்டும் சேரவே இல்லை. அது ஒரு பக்கம் இழுக்க, இவர் ஒரு பக்கம் இழுத்தார். பாதி வார்த்தைகள் கேட்கவில்லை. சேனலில் இருப்பதிலேயே மோசமான பதிவு அதுதான். சத்தத்தை நீக்கித் தருகிறேன் என்று அன்வர் சொல்லிப் பார்த்தான். சாபிர் வேண்டாம் என்றுவிட்டான்.

அடுத்த வாரத்திலிருந்து மெஷினைத் தன் சலாமுக்காகக் காக்க வைக்கக் கூடாது என்று அவன் காளிராஜிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவர்கள் வேலை எப்போது ஓய்கிறதோ அப்போது தான் ஆரம்பித்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு கலர் முடியும் சமயம் முனியராஜ் ஜன்னலருகே வந்து, “பாய், கழுவப் போறோம்” என்று ஒரு குரல் கொடுப்பான். சாபிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கை கழுவிவிட்டு ஓடுவான். சில வாரம் அது நண்பகலாக இருக்கும், சில வாரம் அசருக்குப் பிறகு. ‘சாயங்காலப் பாட்டு’ என்று பேர் வைத்துவிட்டு உச்சி வெயிலில் வருகிறீர்களே என்று கேலி செய்து எழுதுகிறார்கள். நேரத்தைச் சரியாகச் சொன்னால் கேட்க வசதியாக இருக்கும் என்று துபாயிலிருந்து ஒருத்தர் வாரா வாரம் கேட்கிறார்.

சாபிர் தனக்குத் தெரிந்த மட்டும் அவருக்குப் பதில் எழுதினான்: “இந்த வாரம் கறுப்பு முடிஞ்சு சிவப்பு ஏத்தும்போது, இன்ஷா அல்லா.”