மூன்றாவது வரி

மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். காலையில் தொடங்கிய தூறல் வலுக்கவும் இல்லை, விடவும் இல்லை. ஆலயத்தை ஒட்டிய அறையில் சபைக் கமிட்டி கூடியிருந்தது. வெளியே கிடந்த பெஞ்சில், மருத்துவமனைத் தொலைபேசி ஆபரேட்டர் நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடவை ஈரமாவது தெரிந்தும் அதைக் கீழே வைக்கவில்லை. எதையாவது இறுக்கிப் பிடித்திருக்காவிட்டால் கை என்ன செய்யும் என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

“அண்ணி, போனவரு போயிட்டாரு,” என்றாள் பக்கத்திலிருந்த நாத்தனார். “ரெண்டு வரிக்காக சபையையே பகைச்சுக்கணுமா?”

“மூணு வரி.”

“கணக்குல மட்டும் குறைச்சல் இல்ல.”

இருபத்தாறு வருடம் பேருந்தில் நின்று கத்தியே பிழைத்த கண்டக்டர் அவள் கணவர். பக்கவாதம் தாக்கியபின் இருந்த பத்தொன்பது நாளும் ஒரு சொல் பேசவில்லை. ஐந்தாம் நாள் தொண்டையிலிருந்து ஏதோ ஒலி எழுந்தது. ஏழாம் நாள், ஞாயிறு ஆராதனையின் சாட்சி நேரத்தில், அவள் அதை மட்டும் சொன்னாள்: ஒரு சத்தம் வந்தது, ஜெபம் பண்ணுங்கள். சபையின் மாத இதழில் சாட்சிப் பக்கம் இருபது நாள் முன்னதாகவே அச்சுக்குப் போகும். ஆகையால், கேட்டதைப் பெற்றாகிவிட்டதாக, விசுவாசத்தோடு, எழுதிவிடுவது அங்கே வழக்கம். போதகர் எழுதினார்: தேவன் என்னோடு பேசினார், என் கணவரையும் பேச வைத்தார். அடியில் அவள் பெயர். இதழ் வந்தது, அடக்கம் முடிந்த ஏழாம் நாள்.

அதைப் படித்துவிட்டு, அடுத்த சபையைச் சேர்ந்த ஓர் அம்மாள் ஆப்பிளும் கையுமாக வந்து, ஐயா ரெண்டு வார்த்தை பேசினால் கேட்டுவிட்டுப் போகிறேன் என்று வாசலில் நின்றாள். அவள் வீட்டுக்காரருக்கும் பக்கவாதமாம். அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைச் சொல்லி, ஆட்டோ வரை போய் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் ஆபரேட்டருக்குக் கோபம் வந்தது. வந்தது போகவில்லை. அன்றே திருத்தம் எழுதிக் கொடுத்தாள்: ‘சென்ற இதழில் என் பெயரில் வந்த சாட்சி நான் எழுதியது அன்று. என் கணவர் பேசவில்லை. தேவனும் பேசவில்லை.’

உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசையைச் சுற்றி ஐந்து பேர். செயலருக்குச் சபையில் ‘தீர்மானம்’ என்று பெயர். ஜன்னலைச் சாத்துவதென்றாலும் முன்மொழிந்துவிட்டு, வழிமொழிய ஆள் தேடுவார்.

“முதல் ரெண்டு வரி ஏகமனதா பாஸ்மா,” என்றார். “மூணாவதுதான் இடிக்குது.”

“அது இல்லாம மத்த ரெண்டும் எனக்கு வேணாம்.”

போதகர் கெட்டவர் அல்லர். பத்தொன்பது நாளில் பதினொரு நாள் வார்டுக்கு வந்து நின்றவர். அதனாலேயே அவரைத் திட்டுவது கடினமாக இருந்தது. அந்தக் கடினமும் கோபத்தில்தான் போய்ச் சேர்ந்தது.

“தேவன் பேசலைன்னு போட்டா, அவர் இல்லவே இல்லைன்னு சொல்ற மாதிரி ஆயிடும்மா,” என்றார். “பலவீனமானவங்க படிப்பாங்க.”

“ஆப்பிள் எடுத்துக்கிட்டு ஒருத்தங்க வந்தாங்களே, அவங்களும் படிச்சுட்டுத்தான் வந்தாங்க.”

செயலர் பேனாவை மூடினார். “பேசலைன்னா எதுக்கும்மா வாராவாரம் தவறாம வர்றீங்க?”

அவள் குடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“பதினாறு வருஷமா போன் எடுக்கறேன். லைன் செத்துப்போச்சுன்னா காதுக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஆள் இருந்துக்கிட்டே வாயத் திறக்காம இருந்தாலும் தெரியும். அந்தக் கட்டில் பக்கத்துல நான் கேட்டது செத்த லைன் இல்ல. இருந்தாரு. தேவன்கிட்ட கெஞ்சினேன், திட்டினேன். வைக்கவும் இல்ல, பேசவும் இல்ல. இல்லாதவர்மேல எனக்கென்ன ஐயா கோபம்? இருந்தாரு, அதுக்குத்தான் கோபம். அது எனக்கும் அவருக்கும் நடுவுல. அதுக்குள்ள நீங்க வந்து, அவர் குரல்ல பேசிட்டீங்க.”

அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

“உள்ள கத்தினீங்களா அண்ணி?”

“இல்லையே.”

“இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

இருபது நிமிடம் கழித்து மறுபடியும் அழைப்பு. அவள் தாள்தான் மேசைமேல் இருந்தது; அடியில் ஐந்து கையெழுத்து. முதல் வரி இருந்தது. இரண்டாவது இருந்தது. மூன்றாவதும் இருந்தது. ஆனால் அதில் ‘பேசவில்லை’ என்பதற்கு முன்னால், போதகரின் கையெழுத்தில், சின்னதாக ஒரு சொல் செருகியிருந்தது: ‘இன்னும்’.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

“மறுபடியும் முன்கூட்டியே எழுதிட்டீங்க,” என்றாள்.

“ஒரு நம்பிக்கைக்குத்தான்மா.”

“பேசுவாரா மாட்டாரான்னு அவர் சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க.”

செயலரின் பேனாவை எடுத்தாள்.

“அஞ்சு பேர் கையெழுத்து போட்ட தீர்மானம்மா, அதுல அடிக்கக் கூடாது.”

“அதான் ஆறாவதா நானும் போடறேன்.”

அந்த ஒரு சொல்லை அடித்தாள். ஒருமுறை போதாமல், அதே கோட்டின்மேல் இன்னொரு முறையும் இழுத்தாள். கீழே கையெழுத்திட்டு, தேதி போட்டு, தாளைப் போதகரிடம் நீட்டினாள்.

அவர் எழுந்து நின்று இரு கையாலும் வாங்கினார். பேனா அழுந்திய இடத்தில் தாள் கிழிந்திருந்தது. அந்தக் கீறலின் வழியே அவருடைய கட்டைவிரல் நகம் தெரிந்தது.