செம்புப் பாத்திரத்து மோர்

எழுபத்து மூன்றாம் வருஷத்து அக்கினி நட்சத்திரத்தில், கோட்டூர்புரத்து எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் வளர்த்த வெள்ளைக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. கொண்டை வெளுத்து மூலையில் தூங்கி வழிந்தன. நாலு செத்தே போயின.

என் வீட்டுக்காரர் கணேசமூர்த்தி திருநெல்வேலிக்காரர். தி. நகரில் பாத்திரக்கடை. கோழி நாற்றமே அவருக்கு ஆகாது. இதுதான் சாக்கென்று, வெள்ளிக்கிழமை வந்து மிச்சத்தையும் பிடித்துப் போகும்படி கோழி வியாபாரி ஷரஃபுதீனிடம் சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்தக் கோழிகள்தான்.

செத்த கோழி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்தினாள், பொத்தட்டும். டாக்டர் அல்போன்சா இரைப்பையை அறுத்துக் காட்டினார். உள்தோல் வெடித்து உரிந்து, பச்சை பாரித்துக் கிடந்தது. இது தொற்று இல்லை, செம்பு அளவுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது என்றார். கோழிக்குத் துளி செம்பு வேண்டும்தான், மிஞ்சினால் இரைப்பையைப் புண்ணாக்கி முட்டையையும் நிறுத்திவிடுமாம்.

"தண்ணி எதுல வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

செம்புப் பாத்திரத்தில் என்றேன். கோழி மண்சட்டியில் குடித்தால் பாத்திரக்கடைக்காரன் மானம் போகிறதென்று, கடையில் நசுங்கி விற்காமல் கிடந்த செம்புப் பாத்திரத்தைப் பங்குனியில் கொண்டுவந்து வைத்தவர் இவர்தான். வெயிலுக்கு இதமாக அதில் தினமும் மோர் ஊற்றினோம். உள்ளே ஈயம் பூசியதா என்று நான் கேட்டதற்கு, பேப்பரிலிருந்து தலை தூக்காமல் ஆமாம் என்றவரும் இவர்தான்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தைக் கவிழ்த்துத் தேய்த்தேன். ஈயத்தின் சுவடே இல்லை. அடியெல்லாம் பச்சைக் களிம்பு. அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

அங்கே ஒரு மாமிக்கு அண்டா வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. ஈயம் பூசாத செம்பில் புளிப்பு வைக்காதீர்கள், களிம்பு ஆளையே கொன்றுவிடும் என்று இவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அடடா, என்ன ஞானம்! பாத்திரத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"மாமிக்குச் சொன்னத நம்ம வீட்டுக் கோழிக்கும் சொல்லிருக்கலாம்லா?"

விரலால் தடவிப் பார்த்தார். விரல் பச்சையானது. முகம் செத்துவிட்டது. மாமி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தே விட்டாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். வெள்ளிக்கிழமை வர வேண்டாமென்று ஷரஃபுதீனுக்கு அப்போதே ஆள் அனுப்பினார்.

மண்சட்டி திரும்பி வந்தது. இன்னும் இரண்டு கோழிகள் போயின; அழுதேன். மற்றவை தீனி எடுக்க ஆரம்பித்தன. ஆனி பிறந்ததும் கொண்டையெல்லாம் செக்கச்செவேலென்று ஆகி, விடிந்தால் கொல்லையில் ஒரே கொக்கரிப்பு. கூடை நிறைய முட்டை எடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் காலையில் ஷரஃபுதீன் தானாகவே வந்து நின்றார்.

"இன்னா மொதலாளி, கோழிங்க நல்லா கீதே. புட்ச்சிக்கினு போவட்டா?"

இவர் சட்டை மாட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"அது அவ கோழி வே. அவகிட்டக் கேளும்."

ஷரஃபுதீன் என் பக்கம் திரும்பிக் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றேன்.