நிக்கிறியா

...குழுக்களாகப் பிரித்து வட்டமாக உட்காரச் சொன்னபோதே எழுந்து போயிருக்க வேண்டும், இப்போது எழுந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதுவும் மாமா பொண்ணு என் பை வாரைத் தன் முட்டிக்கடியில் அமுக்கி வைத்திருக்கிறாள், நான் நழுவுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பயிற்சி இது. 'தலைமையும் தொண்டும்' என்று பலகையில் எழுதியிருக்கிறது, தொண்டு மட்டும் கொஞ்சம் கீழே சரிந்திருக்கிறது. நடத்துகிறவர்கள் கல்லூரி மாணவர்கள், விடுமுறையைச் செலவழித்து வருகிறார்களாம், ஒரு சுருட்டைமுடி அக்கா, ஒரு கண்ணாடி அண்ணன். மைக் பிடித்தால் அண்ணன் தரையைப் பார்த்தே பேசுகிறார், பாவம், அவரையும் யாராவது இழுத்துக்கொண்டு வந்திருப்பார்களோ... "சும்மா வந்து உக்காரு, உன்னை யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்று சொல்லித்தான் மாமா பொண்ணு என்னை இழுத்து வந்தாள். கேட்காமல் விடுவார்களா? மருந்துக் கடையில், பேருந்தில், அத்தை வீட்டு மாடிப்படியில், எங்கே போனாலும் முதலில் அதுதானே, படிக்கிறியா, நின்னுட்டியா. அம்மா படுக்கையில் விழுந்தபோது ஒரு மாதம் என்றுதான் நின்றேன், அம்மா எழுந்து நடமாடுவதற்குள் என் வகுப்பு என்னை விட்டுவிட்டு மேலே போய்விட்டது, சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கம், அப்புறம் அந்த வெட்கமே பழகி... இதை எப்படி ஒரு வரியில் சொல்வது? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் உச்சுக்கொட்டுவார்கள், வெட்கம் என்றால் சிரிப்பார்கள், பேசாமல் இருந்தால்...

"நீ நிக்கிறியா?"

சுருட்டை அக்கா என் முன்னால் குனிந்திருந்தாள். அதற்கு முன் என்ன சொல்லிக்கொண்டு வந்தாளோ, என் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். வந்துவிட்டது, இவ்வளவு மென்மையாகக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. நின்னுட்டேன்க்கா என்றேன், காது சுட்டது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. நின்னாச்சா, அப்படிப் போடு என்று என் பெயரைக் கேட்டுக்கொண்டு போய்ப் பலகையில் எழுதினாள். மாமா பொண்ணு பைக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். "ஏண்டி, குழுத் தலைவிக்கு நிக்கிறியான்னு கேட்டா..." அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. எங்கள் குழுவில் வேறு யாரும் நிற்கவில்லை. கைகள் உயர்ந்தன, பல்லில் கம்பி போட்ட பெண் இரண்டு கையையும் தூக்கினாள், கள்ள ஓட்டு என்று ஒருவன் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். கடைசியாக எப்போது கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தேன்?

எந்த வகுப்பு என்று அக்கா கேட்டாள். "ஒம்பதாவது, என்னோடதான்," என்றாள் மாமா பொண்ணு, நான் வாய் திறப்பதற்குள். காப்பாற்றிவிட்டாள், நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் என் பெயருக்குப் பக்கத்தில் அக்கா எழுதிய ஒன்பதைப் பார்த்ததும் என் செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. இவர்கள் கை தூக்கியது எனக்கா, ஒன்பதாவது படிக்கிறாள் என்று நினைத்த ஒருத்திக்கா... நின்னுட்டேன் என்ற பழைய சொல்லை இனி நம்ப முடியாது, வேறு தேடினேன். "இல்லக்கா. நான் ஸ்கூலுக்குப் போறதில்ல." தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அக்கா கட்டைவிரலால் ஒன்பதைத் தேய்த்தாள், பெயரை அழிக்கவில்லை. அடுத்து 'ஏன்' வரும், பதில்களை வரிசையில் நிறுத்தினேன்.

"அப்ப பகல்லாம் என்ன பண்ணுவ?"

சோறு வடிப்பேன், துணி மடிப்பேன், அதுவா அவள் கேட்டது? கண்ணாடி அண்ணன் மைக்கில் கூப்பிட, யோசிச்சு வை என்று போய்விட்டாள். இத்தனை நாளாக ஏன் என்பதற்கு மட்டுமே பதில் சேர்த்து வைத்திருக்கிறேன், வேறு எதைச் சேர்த்தேன்... குழு என்னைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தது. கம்பிப் பல்லுக்காரி முழங்கையால் இடித்தாள், சொல்லு தலைவி, நாம என்ன பண்ணப் போறோம்? அக்கா கேட்டுவிட்டுப் போன கேள்வியும் இதுவேதானோ என்று தோன்றியது, எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.