அறிவித்தலின் மிச்சம்

என்னுடைய வானொலியைக் களவு வானொலி என்று சொன்னவர்கள் உண்டு. காற்று யாருடைய சொத்து, நான் யாரிடம் களவெடுத்தேன் என்று கேட்டால், அனுமதி கேட்டிருக்கலாமே என்பார்கள். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் விட்டால் அந்தச் சிரமம் அவர்களுக்கும் இல்லை. இளையதம்பி றேடியோ திருத்துகிறவன், திருத்துவதோடு நிற்க வேண்டியதுதானே என்று வட்டக்கச்சிச் சந்தியில் நின்று கதைத்தவர்கள்கூட, பின்னேரம் ஐந்தரை மணியானால் வீட்டுக்கு ஓடிப்போய் என் பாட்டைத்தான் கேட்டார்கள்.

சோப்புப் பெட்டிக்குள் அடங்கும் ஒரு ட்ரான்ஸ்மிற்றர், பழைய மோட்டார் சைக்கிள் பற்றறி ஒன்று, கிணற்றடித் தென்னையில் ஏற்றிய செப்புக் கம்பி. என் நிலையம் அவ்வளவுதான். கொழும்பு எஃப்.எம். எல்லாம் எங்கள் ஊரில் வெறும் இரைச்சல். என் குரல் மட்டும் ஒன்றரை மைல் சுற்றுவட்டாரத்துக்குத் துப்புரவாகக் கேட்கும்.

இது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆவணியில் நடந்தது. யுத்தத் தடையால் றேடியோவுக்குப் போட ஒரு பற்றறி கடையில் கிடைக்காத காலம். அதனால் சைக்கிளைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்து, ஒருவர் ஏறி மிதிக்க வீட்டிலுள்ள மற்றவர்கள் கேட்பார்கள். மிதிப்பது நின்றால் றேடியோவும் நின்றுவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை, அதுதான் என் பிழை.

பக்கத்து வளவுப் பொன்னையா அண்ணருக்கு ஒரே மகள், சிவதர்சினி. அவளுக்குக் கலியாணம் நாள் வைத்தாயிற்று. ஆனால் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து வாழ்த்துகிற பாலறுகு வைக்கத் தாய்மாமன் இல்லை. தாய்மாமன் சிவராசா உயிரோடு, நல்ல சுகமாக, ஒரு மைல் தள்ளி ஆறாம் வாய்க்கால் குடியிருப்பில் இருந்தார். பொன்னையாவும் அவரும் பேசி ஒன்பது வருடம். சிறுபோக நெல்லுக்கு முறைவைத்துப் பாயும் வாய்க்கால் தண்ணீரில் தன்னுடைய முறையில் அரை மணித்தியாலத்தைச் சிவராசா களவெடுத்தார் என்று பொன்னையா சொன்னார். சிவராசா பிள்ளையார் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணி இல்லை என்றார். இடம்பெயர்ந்து போய் ஒரே பள்ளிக்கூட அறையில் நடுவில் சேலை கட்டி இரண்டு குடும்பமும் ஒரு வருடம் இருந்தபோதுகூட, இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை.

எங்கள் வழக்கம் தெரியும்தானே. செத்த வீட்டுக்கு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை, காதில் விழுந்தால் பகையாளியும் போகவேண்டும். கலியாணத்துக்கு வீடு தேடிப்போய்ச் சொல்லவேண்டும், சொல்லாத கலியாணத்துக்குக் கூடப்பிறந்தவனும் வரமாட்டான். பொன்னையா போய்ச் சொல்லமாட்டேன் என்றார். மனைவி இராசேஸ்வரி தமையன் வீட்டுப் பக்கம் திரும்பினாலே முறைத்தார். கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சிவதர்சினி வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் என்னிடம் வந்தாள். மாமா இல்லாமல் மணவறையில் இருக்க அவளுக்கு மனமில்லை. சின்ன வயதில் தோளில் வைத்துக் கோயில் தேர் காட்டினவர் அவர்தான். மாமா தினமும் உங்களுடைய றேடியோ கேட்கிறாராம், நீங்கள் அதில் சொன்னால் என்ன என்று கேட்டாள். மாமாவுக்குச் சொன்னதாகவும் இருக்கும், அப்பா யார் வீட்டுப் படியும் மிதிக்காததாகவும் இருக்கும். நான் அவளுடைய மூளையை மெச்சினேன்.

அறிவித்தலை நானே எழுதினேன், அவளுக்குக்கூடக் காட்டவில்லை. வானொலி அறிவித்தல் என்றால் கம்பீரமாக இருக்கவேண்டும். இருபது வருடமாக நான் கேட்ட அறிவித்தல்களில் கம்பீரமானவை எவையோ அந்த நடையில் எழுதினேன். அவை எல்லாம் மரண அறிவித்தல்களாக இருந்தது என் குற்றமா?

அன்று பின்னேரம் இரண்டு பாட்டுப் போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தேன். குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிதானமாக வாசித்தேன். "வட்டக்கச்சியை வசிப்பிடமாகக் கொண்டவரும், காலஞ்சென்ற ஆண்டியப்பன் தம்பதியரின் அன்பு மகனும், இராசேஸ்வரியின் அன்புக் கணவரும், சிவராசாவின் அன்பு மைத்துனரும், சிவதர்சினியின் பாசமிகு தந்தையுமாகிய பொன்னையா அவர்கள்…"

ஆறாம் வாய்க்காலில் சைக்கிள் மிதித்துக் கேட்டுக்கொண்டிருந்த சிவராசாவின் கால் இந்த இடத்தில் நின்றுவிட்டது. கால் நிற்க றேடியோவும் நின்றுவிட்டது. தமது மகளின் திருமணத்தை வரும் புதன்கிழமை நடத்தவிருப்பதால் என்று நான் தொடர்ந்து வாசித்தது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. மனிதர் சைக்கிள் சீற்றிலேயே இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதாராம். பிறகு வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு, சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கி ஏறி மிதித்தார். கரியரில் கட்டியிருந்த றேடியோவைக் கழற்ற நினைவில்லை, டைனமோவைத் தட்டிவிடவும் நினைவில்லை. நான் அதற்குள் அறிவித்தலை முடித்துப் பாட்டுக்குப் போய்விட்டேன். அவர் அழுதுகொண்டு வர, பின்னால் றேடியோ குத்துப்பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. கூரையில் கட்டியிருந்த ஏரியல் கம்பி இழுபட்டு அறுந்திருந்தும், என் வீட்டை நெருங்க நெருங்கப் பாட்டுத் தெளிந்தது. என் ட்ரான்ஸ்மிற்றரின் தரத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வழியில் கண்டவர்களுக்கெல்லாம் மச்சான் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார். பொன்னையா வளவுக்குள் அவர் நுழைந்தபோது பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சிதைக்கு விறகு தறிக்கக் கோடாலியோடு வந்தார். சத்தம் கேட்டு நானும் பொட்டுக்குள்ளால் ஓடினேன்.

பொன்னையா மாமரத்தடி வாங்குப் பலகையில், இலையான் மொய்க்காமல் வெள்ளை வேட்டியால் தலையோடு மூடிக்கொண்டு நித்திரையாகக் கிடந்தார். அதைக் கண்டதும் சிவராசா நெஞ்சில் விழுந்து கதறினார்.

"மச்சான், அண்டைக்கு வாய்க்கால் கதவைத் திருப்பினது நான்தானடா. அரை மணித்தியாலமில்லை, முக்கால் மணித்தியாலம். உன்ரை பயிரைக் கருகவிட்டுட்டு, பிள்ளையாருக்கும் பொய் சொன்னனான்."

நெஞ்சில் அவ்வளவு பாரம் விழுந்தால் எவனும் எழும்புவான். வேட்டிக்குக் கீழே பொன்னையா முழித்துவிட்டார் என்பது கால் பெருவிரலில் எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் அசையவில்லை. சிவராசா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பிறகு வேட்டிக்குள் இருந்தே சொன்னார்.

"இன்னொருக்கால் சொல்லு. உன்ரை தங்கச்சியும் கேக்கட்டும்."

வந்தவர்களில் பாதிப்பேர் பிணம் பேசுகிறது என்று ஓடி, படலைக்கு வெளியே போய்த்தான் நின்றார்கள். கோடாலிக்காரர் மட்டும் தான் நிற்பதா போவதா என்று என்னிடம் கேட்டார். சிவராசாவின் முகம் கறுத்துவிட்டது. இராசேஸ்வரி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் குசினி வாசலில் நின்றார்.

"நான் செத்த வீட்டுக்கு வந்தனான். சாவில்லையெண்டால் எனக்கு இஞ்சை என்ன அலுவல்?" என்று சிவராசா சைக்கிளைத் திருப்பினார்.

நில் என்று பொன்னையா சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். அவர் எழும்பியிருந்து வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கோடாலியை நான் வாங்கியிருப்பேன். சிவதர்சினிதான் ஓடிப்போய்க் கரியரைப் பிடித்தாள்.

"மாமா, நீங்கள் அறிவித்தலை முழுக்கக் கேக்கேல்லை. மிச்சத்தையும் கேட்டுட்டுப் போங்கோ."

சைக்கிளை இழுத்து ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பொட்டை நோக்கி ஓடினேன். அவள் ஏறப்போக, கலியாணத்துக்கு நாலு நாள் கிடக்கப் பொம்பிளைப்பிள்ளை சைக்கிள் மிதிக்கிறதோ, விலகு என்று பொன்னையா அதட்டுவது பின்னால் கேட்டது.

என் கொட்டிலுக்குள் மைக்கின் முன்னால் குந்தினேன். மூச்சு வாங்கியது. விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். வேலிக்கு அப்பாலிருந்து என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. அது ஏறி ஏறி இறங்கியது. ஐம்பத்தைந்து வயதுப் பொன்னையாவின் கால் மிதிக்கிற மிதி அது, சிவதர்சினியின் கால் அல்ல. என் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. புதன்கிழமை, முகூர்த்த நேரம், உற்றார் உறவினர் எல்லாம் வாசித்துவிட்டு, தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்தேன். மணமகளுக்குப் பாலறுகு வைத்து முன்னின்று நடத்தித் தருமாறு அன்பு மைத்துனர் சிவராசாவைப் பொன்னையா பணிவுடன் கேட்டுக்கொள்கிறார் என்றேன்.

வேலிக்கு அப்பால் என் குரல் அறுந்தது. பணிவு என்ற சொல்லை நான் தவிர்த்திருக்கவேண்டும். மிதிப்பதை நிறுத்திவிட்டார், எல்லாம் கெட்டது, கெடுத்தது என் வாய்தான் என்று தலையில் கையை வைத்தேன்.  பிறகு சிவராசாவின் குரல் கேட்டது.

"ஏன் நிப்பாட்டினனீ? எனக்கு மிச்சமும் கேக்க வேணும். மிதி மச்சான்."

டைனமோ மெல்ல இரையத் தொடங்கியது. என் தாளில் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. மனிதர் மிதிக்கிறாரே என்று முதலிலிருந்து திரும்ப வாசித்தேன்.