லிப்ட் மெக்கானிக் கேட்ட இரண்டு பாகங்கள்

அந்த நூலகத்தின் நூலகருக்குப் பட்டாசு என்று யார் பெயர் வைத்தார்களோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். அமைதி காக்கச் சொல்லி மாட்டியிருந்த பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, கட்டடமே அதிரும்படி சிரிப்பவள் அவள். ஒரு யோசனை வந்துவிட்டால் தரையில் கால் நிற்காது.

இந்த முறை வந்த யோசனை பெரியது. ஊரிலுள்ள ஐந்து நூலகங்களும் கைகோக்க வேண்டும். இங்கே இல்லாத புத்தகம் அங்கே இருந்தால், கேட்டவுடன் வண்டியில் வந்து சேர வேண்டும். இதற்காக அவள் ஏறாத படியில்லை, பார்க்காத ஆளில்லை. கடைசியில், இவள் தொல்லை விட்டால் போதும் என்றுதான் நூலகத் துறை இயக்குநர் ஒரு பழைய வேனைக் கொடுத்தார்.

"ஒரு மாசம்தான். கடைசியில நானே வருவேன். இதனால பலன் அடைஞ்ச ஒரே ஒரு வாசகரையாவது என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா வண்டி திரும்ப ஆபீசுக்கு வந்துடும்."

"ஒருத்தரா? நூறு பேரைக் காட்டுறேன் சார்!" என்று சொல்லிவிட்டு வந்தாள். வாய் அப்படி.

ஒரு ஈ காக்கா வரவில்லை. வேன் தினமும் காலையில் ஐந்து நூலகங்களுக்கும் போய்ப் பைகளை வாங்கும், மத்தியானம் அதே சுற்றில் போய்க் கொடுக்கும். வெறும் பைகளைச் சுமந்து சுமந்து ஓட்டுநருக்கே வெட்கமாகிவிட்டது. மாதம் முடியும் தறுவாயில்தான் லிப்ட் மெக்கானிக் வந்தார். மேற்பார்வையாளர் பதவிக்குப் பரீட்சை எழுதப் போகிறாராம். லிப்ட் பழுதுபார்ப்பு பற்றி இரண்டு பாகங்களில் ஒரு தடிமனான புத்தகம் வேண்டுமாம்.

பட்டாசுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பாகம் அவளிடமே இருந்தது. இரண்டாம் பாகம் கல்லூரி நூலகத்தில். முதல் பாகம் முழுக்க விளக்கம், இரண்டாம் பாகம் முழுக்கப் படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால்தான் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று விளங்கும். ஒன்று மட்டும் இருந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும் அதுவும் ஒன்றுதான். இரவல் தராத வகைப் புத்தகம் என்பதால் வீட்டுக்கும் எடுத்துப் போக முடியாது. நூலகத்திலேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

"நாளைக்கே வரவழைச்சுடறேன் அண்ணே!" என்று கணினியில் தட்டினாள்.

மெக்கானிக் சும்மா இருந்தாரா? கல்லூரியிலும் லிப்ட் வேலை இருந்தது அவருக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று அங்கேயும் போய் முதல் பாகத்தைக் கேட்டுவைத்தார். மறுநாள் பட்டாசின் கைக்கு இரண்டாம் பாகம் வந்தது. ஆசையாகப் பிரித்துவிட்டு அலமாரிக்கு ஓடினாள். முதல் பாகத்தைக் காணோம். கல்லூரியிலிருந்து கேட்டார்கள் என்று காலையில் இவளே, யாருக்கென்று பாராமல், பையில் போட்டு அனுப்பியிருந்தாள்.

ஒரு போன் போட்டால் தீர்ந்துபோகும் விஷயம். ஆனால் கல்லூரி நூலகர் வேறு யாருமில்லை, பட்டாசின் சொந்த அண்ணி. இருவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு குக்கர். அண்ணி இரவல் வாங்கிய குக்கர் திரும்பி வந்தது, மூடி வரவில்லை. மூடியே தரவில்லை என்கிறாள் அண்ணி. மூடியில்லாமல் குக்கரை எவளாவது இரவல் வாங்குவாளா என்கிறாள் இவள். ஊருக்கெல்லாம் இரவல் கொடுத்து வாங்குகிற இரண்டு பேரின் லட்சணம் இது!

"நம்மால ஒருத்தர் படிப்பு கெட்டுச்சுன்னு அவங்க சொல்லக் கூடாது" என்று மறுநாள் காலையில் ரோஷத்தோடு இரண்டாம் பாகத்தைப் பையில் போட்டுக் கல்லூரிக்கே திருப்பி அனுப்பினாள் பட்டாசு. இரண்டும் அங்கேயே சேர்ந்திருக்கட்டும், பெருந்தன்மை இவளுடையதாக இருக்கட்டும். அண்ணியும் லேசுப்பட்டவளா? அதே காலையில், அதே ரோஷத்தோடு, முதல் பாகத்தை இங்கே அனுப்பிவிட்டாள். மத்தியானம் பையைப் பிரித்த பட்டாசுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதற்கடுத்த நாள்தான் இயக்குநர் வரும் நாள். மெக்கானிக்குக் காலையில் கல்லூரியில் வேலை என்று கேள்விப்பட்டு, முதல் பாகத்தை மறுபடி அங்கேயே அனுப்பினாள். மத்தியானம் இயக்குநர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கம்மா உங்க நூறு பேர்?"

"ஒருத்தர் இருக்கார் சார். கல்லூரியில உக்காந்து படிச்சிட்டிருப்பார்" என்றாள். அதற்குள் போன் அடித்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அண்ணியின் குரல்.

"ஏம்மா, இயக்குநர் அங்கதானே வர்றார்? மெக்கானிக் அங்க வந்துட்டாரா? என் புத்தகத்தைக் காலையிலயே அனுப்பிட்டேன், பத்திரம்!"

பட்டாசு நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். "ஐயோ அண்ணி, நானும் அனுப்பிட்டேனே!"

அண்ணி கிளுக்கென்று சிரித்தாள். இவளுக்கும் தொற்றிக்கொண்டது. திட்டம் போச்சு, வண்டி போச்சு, மானமும் போச்சு. கண்ணில் நீர் முட்ட முட்டச் சிரித்தாள். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்போ வண்டிச் சாவியை வாங்கிக்கறேன்" என்று எழுந்தார்.

வாசலில் ஹாரன் சத்தம். வேன் வந்து நின்றது. வியர்வை துளிர்த்த முகத்தோடு இறங்கிய ஓட்டுநர் இயக்குநரைக் கண்டதும் பின்கதவை மறைத்துக்கொண்டு நின்றார். இயக்குநர் அவரை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே பைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் லிப்ட் மெக்கானிக். ஒரு தொடையில் முதல் பாகம், மறு தொடையில் இரண்டாம் பாகம், காதில் பென்சில்.

"கதவைச் சாத்துங்க, பக்கம் புரளுது" என்றார் நிமிராமலே.

"இது என்ன கூத்து?" என்றார் இயக்குநர்.

"நேத்துலேர்ந்து இப்படித்தான் சார்" என்று ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு புத்தகமும் சேர்ந்து இருக்கிற ஒரே இடம் நம்ம வண்டிதான்னு கண்டுபிடிச்சிட்டார். ஏறி உக்காந்தவர் இறங்க மாட்டேங்கிறார்."

பட்டாசு இயக்குநரின் முகத்தைப் பார்த்தாள். அது கடுகடுவென்றே இருந்தது.

மெக்கானிக் இப்போதுதான் தலையைத் தூக்கினார். "சார், யாரோ பெரியவர்னு தெரியுது. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், பையை மட்டும் இறக்கிடாதீங்க. திங்கக்கிழமை பரீட்சை. பிரேக் இப்பத்தான் புரிய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் மோட்டார் இருக்கு."

இயக்குநர் குனிந்து, விரிந்து கிடந்த இரண்டு புத்தகங்களையும் பார்த்தார். பிறகு பின்கதவை மெல்ல, சத்தமில்லாமல் சாத்தினார்.

"இன்னொரு சுத்து போயிட்டு வாப்பா" என்றார் ஓட்டுநரிடம். "மேடுபள்ளம் பாத்து ஓட்டு."

பட்டாசு போட்ட கூச்சலில் எதிர்க் கடையில் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஓடிப்போய் வேனின் முன்சீட்டில் தாவி ஏறி, போனைக் காதில் வைத்தாள்.

"அண்ணி, வாசல்ல வந்து நில்லுங்க, உங்களையும் ஏத்திக்கறோம்! ஆனா உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், புத்தகத்தை மட்டும் வாங்கிடாதீங்க!"