இருநூறு அடி நடந்தால்

கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனைக் கம்பிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாக, ரத்தக்குழாய்க்குள் விடும் கம்பியும் ஸ்டென்டும் டாக்டர் கையில் எடுத்துக் கொடுப்பவர். மேஜையில் படுக்கும் ஒவ்வொருவரிடமும் முதலில் அவர்தான் கேட்பார்: “எவ்வளவு தூரம் நடந்தா வலிக்குது? நின்னா விட்டுடுதா?” இந்த ரெண்டு கேள்வியிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும் என்று புது நர்ஸ்களிடம் பீற்றிக்கொள்வார்.

எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். கடைத்தெருவில் மனைவி பத்துக் கடைக்கு ஒரு முறை நின்றுவிடுவாள். முன்னால் போய்விட்டவர் திரும்பிக் கத்துவார்: “ஆரம்பிச்சுட்டியா? பாத்திரக் கடை, செருப்புக் கடை, ஒண்ணு விடாம வேடிக்கை பார்த்தாகணுமா?”

ஒருநாள், கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள்.

“உடம்பைக் குறை, சரியாப்போகும்.”

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. வலி விடும்வரை கண்ணாடிக்குள் இருந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டாள். படுபாவி மனுஷன்! கட்டைவிரல் கறுத்து, வீட்டில் நாற்றம் வந்த பிறகுதான் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

மறுநாள் அதே மேஜையில் அவள் படுத்திருந்தாள். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார்.

“ரெண்டு வருஷமா, டாக்டர். இருநூறு அடி நடந்தா பிடிச்சுக்கும். நின்னா விட்டுடும்.”

கம்பிக்காரருக்குக் கிளவுஸில் விரல் நுழைய மாட்டேன் என்றது.

கம்பி நுழையும் தொடை இடுக்கை மட்டும் ஊசி போட்டு மரக்க வைத்திருந்ததால் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பு அடைப்பில் ஸ்டென்ட் கச்சிதமாக விரிந்தது. தொடைவரை ரத்தம் பாய்ந்ததைத் திரை காட்டியது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் ஓடவில்லை. ஒரு மணி நேரம் கம்பி மாற்றிக் கம்பி கொடுத்தார்.

“இது இன்னும் மெல்லிசு, டாக்டர். ஒரே ஒரு தடவை...”

“விடுங்க. முன்னாடியே வந்திருந்தா இடுப்புல இந்த ஸ்டென்ட் ஒண்ணே போதும். இப்ப பாதம் செத்துப்போச்சு. காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துதான் ஆகணும்.”

கம்பிக்காரருக்கு வேறு யாரையாவது திட்ட முடிந்தால் தேவலை என்றிருந்தது.

நர்ஸ் சம்மதத் தாளோடு வந்தாள். “அண்ணே, நீங்கதானே போடணும், கையெழுத்து?”

அவர் பேனாவுக்குக் கை நீட்டினார். மேஜையிலிருந்து மனைவி தலையைத் திருப்பினாள்.

“எங்கிட்ட குடும்மா. என் காலு, நானே போட்டுக்கறேன். அவரை விடு, வெளியில நோயாளிங்க காத்திருப்பாங்க.”