பல் பட்ட விதை

பாகல் விதைக்கு ஓடு தடிப்பு. மூக்கைப் பல்லால் லேசாக உடைத்து ஊறப்போட்டால்தான் சீக்கிரம் முளைக்கும். கடையில் விற்கிற விதையை நான் தொடுவதில்லை. கல்வராயன் மலையிலிருந்து வேடியப்பன் கொண்டுவருவதைத்தான் வாங்குவேன். அவனையும் முழுசாக நம்பியதில்லை. எனக்குப் பல் போய்விட்டதால் விதை கடிப்பது மகன் வீரமுத்துவின் வேலை.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம். புரட்டாசி. காலையில் பாதி விதையைக் கடித்துத் தண்ணீரில் போட்டவன் எழுந்துவிட்டான்.

"எங்கடா?"

"தியாகதுருகம் ரோட்டுல மரம் வெட்டிப் போட்டுக்கினு இருக்காங்கப்பா. வூட்டுக்கு ஒரு ஆள் வரணுமாம்."

"சொன்னவன் வூட்லேர்ந்து எவன் வரான்?"

"உனக்கு யாரு மேலதான் நம்பிக்க? மீதிய வந்து கடிக்கிறேன். அவசரம்னா நீயே கடி."

என் பொக்கை வாயைப் பார்த்துச் சிரித்தான். மருமகள் அம்சவள்ளியும் சிரித்தாள்.

ரோட்டோரம் வெட்டின புளியமரம் அவன் மேலேயே சாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரோடு இல்லை. வழியெல்லாம் வெட்டிப் போட்ட மரம். மாட்டுவண்டியில் வயல் வழியாகச் சுற்றினார்கள். கள்ளக்குறிச்சி வருமுன்னே உயிர் போய்விட்டது. அவனைக் கூப்பிட்டவன் மாலையோடு வந்தான். நான் முகம் கொடுக்கவில்லை.

பால் தெளித்த மறுநாள், அடுப்போரம் வைக்கோலுக்குள் இருந்த ஈரத்துணி மூட்டையை அம்சவள்ளி எடுத்து வந்தாள். சேதி வருவதற்கு முன்னால் அவள் கட்டி வைத்தது.

"மாமா, மொள வுட்ருக்கு."

அவன் பல் பட்ட இடத்திலெல்லாம் வெள்ளையாக வேர் நீட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த என் மைத்துனன் அரங்கநாதன் தடுத்தான். "கருமாதி முடியறவரிக்கும் இந்த வூட்டுக் கையால மண்ணுல வெத போடக் கூடாது மச்சான்."

"அதுக்குள்ள அழுவிடும்."

"அழுவட்டும். வேற வெதயா கெடைக்காது?"

"வெத கெடைக்கும். பல்லு கெடைக்குமா?"



நான் குழி எடுத்தேன். வேர் ஒடியாமல் அம்சவள்ளி ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். மண்ணைத் தள்ளி மூடும்போது அவள் கை நின்று நின்றுதான் நகர்ந்தது.

கடிக்காத பாதி கொட்டாங்கச்சியில் கிடந்தது.

"இத இன்னா பண்றது மாமா?"

 அவள் ஒன்றை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்தாள். கடிக்கவில்லை. முந்தானையில் துடைத்து, திரும்பக் கொட்டாங்கச்சியிலேயே போட்டாள்.